2147483647: ஒரு பெரிய பகா எண்ணை உள்ளே போய்ப் பார்க்கலாம்

2147483647. நம் வழக்கப்படி சொன்னால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. சில பழைய கணினி விளையாட்டுகளில் சேர்க்கும் காசு இந்த எண்ணைத் தொட்டதும் அதற்கு மேல் ஏறாது. 2014 டிசம்பரில் ஒரு கொரியப் பாட்டின் காணொளியை மக்கள் இத்தனை முறைக்கு மேல் பார்த்துத் தள்ளியபோது, தன் எண்ணிக்கை முறையைப் பெரிதாக்கிவிட்டதாக யூடியூப் அறிவித்தது. 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு, நேரத்தை விநாடிகளாக எண்ணி 32 பிட்டில் (பிட் என்பது 0 அல்லது 1 எழுதும் ஓர் இடம்) வைத்திருக்கும் பழைய கணினிகளின் கடிகாரம் இந்த எண்ணுக்கு வந்து சேரும். அடுத்த விநாடி அவற்றின் கணக்கு குழம்பும்.

இந்த எண் ஒரு பகா எண்ணும்கூட. அந்தத் தகவலோடு நிறுத்தினால் சரி. ஆனால் அது பரவும்போது கூடவே வேறு சிலவும் ஒட்டிக்கொள்கின்றன. பகா எண் என்பதால்தான் கணினி அங்கே நிற்கிறதாம். பகா எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பாதுகாப்பாம். புதிதாக ஒரு ராட்சசப் பகா எண் கண்டுபிடித்தால் கடவுச்சொற்கள் எல்லாம் உடைந்துவிடுமாம். மூன்றும் தவறு. ஏன் தவறு என்று புரிந்துகொண்டால், ஒரு பெரிய எண் பகா எண்தான் என்று மனிதர்கள் எப்படி நிரூபிக்கிறார்கள் என்பதும் புரிந்துவிடும். எனக்கு அதுதான் முக்கியம். ஏனென்றால் அந்த நிரூபணம் எண்ணின் அளவைப் பிடித்துக்கொண்டு நடப்பதில்லை. அதன் வடிவத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. கூட்டல், பெருக்கல், வகுத்தல், மீதி இவை தெரிந்தால் போதும், முழுக் கட்டுரையையும் படித்துவிடலாம்.

## நாற்காலிகளை அடுக்கிப் பாருங்கள்

கல்யாண மண்டபத்தில் 12 நாற்காலிகளை வரிசை வரிசையாகப் போடச் சொல்கிறார்கள். 3 வரிசையில் நாலு நாலாகப் போடலாம், 2 வரிசையில் ஆறு ஆறாகப் போடலாம். 13 நாற்காலிகள் என்றால்? எப்படிப் போட்டாலும் ஒரு வரிசை குறையும், அல்லது ஒரு நாற்காலி மிஞ்சும். பதின்மூன்றையும் ஒரே நீள வரிசையாகப் போடுவதுதான் வழி.

12 மாதிரி எண்ணைப் பகு எண் என்கிறோம். 13 மாதிரி, 1ஆலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண். மீதியின்றி வகுக்கும் எண்ணுக்குக் காரணி என்று பெயர். 12க்கு 3ம் 4ம் காரணிகள். 1 எந்தப் பக்கமும் சேராது.

பகா எண்களுக்கு முடிவே இல்லை என்பதை யூக்ளிட் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிரூபித்துவிட்டார். ஆகவே 'உலகின் மிகப் பெரிய பகா எண்' என்று ஒன்று கிடையாது. 'இதுவரை அறியப்பட்டதில் மிகப் பெரியது' என்று மட்டுமே சொல்லலாம். செய்தித் தலைப்புகளில் அடிக்கடி காணாமல் போவது இந்த 'இதுவரை அறியப்பட்டதில்'தான்.

பெரிய எண்களில் பகா எண்கள் அபூர்வமும் அல்ல. 214 கோடியின் அக்கம்பக்கத்தில் சராசரியாக 21, 22 எண்களுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும். 2147483647 பகா எண்ணாக இருப்பதில் தனியாகப் பார்த்தால் பெரிய விசேஷம் எதுவும் இல்லை. அதன் விசேஷம் வேறு இடத்தில் இருக்கிறது.

## முப்பத்தொரு ஒன்றுகள்

நாம் எண்களைப் பத்துப் பத்தாக எழுதுகிறோம்: ஒன்று, பத்து, நூறு, ஆயிரம். கணினி இரண்டு இரண்டாக எழுதுகிறது: 1, 2, 4, 8, 16. இந்த முறையில் ஒவ்வொரு இடத்திலும் 0 அல்லது 1 மட்டும்தான் வரும். இதற்கு இரும முறை என்று பெயர். அதில் ஓர் இடம்தான் பிட். 111 என்று எழுதினால் 4 + 2 + 1, அதாவது 7. ஐந்து ஒன்றுகள் எழுதினால் 31.

எத்தனை ஒன்றுகள் எழுதினாலும் அந்த எண், அடுத்த இரண்டின் அடுக்கை விட ஒன்று குறைவாக இருக்கும். மூன்று ஒன்றுகள் என்றால் 2³ − 1, அதாவது 7. ஐந்து என்றால் 2⁵ − 1, அதாவது 31. முப்பத்தொரு ஒன்றுகள் என்றால் 2³¹ − 1. அதுதான் நம் 2147483647.

கணினி ஏன் இங்கே முட்டுகிறது என்பது இப்போது தெளிவாகிவிடும். ஒரு முழு எண்ணுக்கு 32 பிட் இடம் ஒதுக்கினால், ஒரு பிட் கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போய்விடும். மிச்சம் 31. எல்லாவற்றிலும் 1 போட்டு நிரப்பினால் அதற்கு மேல் எழுத இடமில்லை. பகா எண்ணாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சந்தேகமாக இருந்தால் பக்கத்து எல்லைகளைப் பாருங்கள். 16 பிட் எண்ணின் எல்லை 2¹⁵ − 1, அதாவது 32767. அது 7 × 31 × 151. இன்றைய 64 பிட் எண்ணின் எல்லை 2⁶³ − 1, அதாவது 9223372036854775807. அதுவும் 7ஆல் வகுபடும். இரண்டுமே பகு எண்கள். கணினி அங்கேயும் நிற்கத்தான் செய்கிறது.

சுருக்கமாக: 2147483647இன் வடிவம் 31 ஒன்றுகள். எல்லையாக இருப்பது அந்த வடிவத்தால் மட்டுமே. பகா எண்ணாக இருப்பது தனிச் செய்தி.

## 63 ஏன் உடைகிறது, 31 ஏன் உடையவில்லை

ஆறு ஒன்றுகளை எழுதுவோம்: 111111. இதை 111, 111 என்று இரண்டு சம துண்டாக்கலாம். அதாவது 111 என்பது இரண்டு இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. 111ஐ 1001ஆல் பெருக்கியிருக்கிறோம். நம் எண்களில் 7 × 9 = 63. நாற்காலிகளை வரிசையாகப் போட்ட அதே வேலைதான் இது. ஒன்றுகளைச் சம துண்டுகளாக அடுக்க முடிந்தால் எண்ணும் உடைந்துவிடும். 63 ஒன்றுகளை மூன்று மூன்றாகப் பிரிக்கலாம், அதனால்தான் 2⁶³ − 1 என்ற எண் 7ஆல் வகுபட்டது.

ஆக, ஒன்றுகளின் எண்ணிக்கை பகு எண்ணாக இருந்தால் அந்த எண்ணும் பகு எண்தான். பகா எண் வேண்டுமென்றால் ஒன்றுகளின் எண்ணிக்கையும் பகா எண்ணாக இருக்க வேண்டும். 31 பகா எண்; முதல் தடை தாண்டியாயிற்று.

ஆனால் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால் போதும் என்று நினைப்பது மிகப் பழைய தவறு. 11 பகா எண். 2¹¹ − 1 = 2047. அது 23 × 89. 2²³ − 1ஐ 47 வகுக்கும். 2²⁹ − 1ஐ 233 வகுக்கும். ஒன்றுகளைச் சம துண்டாக்க முடியாவிட்டாலும் வேறு வழியில் உடையும் எண்கள்தான் இந்தக் கூட்டத்தில் பெரும்பான்மை.

இப்படி 'இரண்டின் அடுக்கில் ஒன்று குறைவு' என்ற வடிவத்தில் வரும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். மாரன் மெர்சென் பிரான்சில் வாழ்ந்த துறவி. 257 வரை எந்தெந்த அடுக்குகளுக்குப் பகா எண் கிடைக்கும் என்று 1644இல் ஒரு பட்டியல் கொடுத்தார். 31 அதில் இருந்தது. 67ம் 257ம் தவறாகச் சேர்ந்திருந்தன. 61, 89, 107 விட்டுப்போயிருந்தன. பட்டியலை முழுதாகச் சரிபார்த்து முடிக்க முந்நூறு ஆண்டுகள் பிடித்தன. பிழைகள் இருந்தாலும் அவர் பெயர் நிலைத்தது நியாயம்தான்; அத்தனை பேர் அத்தனை காலம் மெனக்கெட அந்தப் பட்டியல்தான் காரணம்.

## பூஜ்யத்தில் விழாத பெருக்கல்

இனி வருவதுதான் பகா எண்ணின் உண்மையான குணம். 'வகுபடாது' என்ற வரையறையை விட எனக்கு இது இன்னும் பிடிக்கும்.

7ஐ எடுத்துக்கொள்வோம். எந்த எண்ணை 7ஆல் வகுத்தாலும் மீதி 0 முதல் 6 வரைதான். 1இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 3ஆல் பெருக்கி, 7ஆல் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு தொடருங்கள்:

1, 3, 2, 6, 4, 5, மறுபடி 1.

1 முதல் 6 வரை எல்லாமே ஒருமுறை வந்துவிட்டன. அதே வேலையை 2ஆல் பெருக்கிச் செய்தால் 1, 2, 4, மறுபடி 1. மூன்றே எண்களில் சுற்று முடிந்துவிட்டது. 6ஆல் பெருக்கினால் 1, 6, மறுபடி 1. சுற்றின் நீளங்கள் 6, 3, 2. எல்லாம் 6ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள்.

இப்போது 7க்குப் பதில் பகு எண்ணான 8ஐ வைத்து 2ஆல் பெருக்குங்கள்: 1, 2, 4, 0, 0, 0. பூஜ்யத்தில் விழுந்தாயிற்று, இனி எழுந்திருக்காது. 2ம் 4ம் பூஜ்யம் இல்லை, ஆனால் அவற்றின் பெருக்கல் 8ஆல் வகுபட்டுவிட்டது. பகா எண்ணில் இந்த விபத்து நடக்கவே நடக்காது. பூஜ்யம் அல்லாத இரண்டு மீதிகளைப் பெருக்கினால் பூஜ்யம் அல்லாததே கிடைக்கும். அதனால் ஒவ்வொரு சுற்றும் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும். சுற்றின் நீளம் எப்போதும் 'பகா எண் கழித்தல் ஒன்று' என்பதை மீதியின்றி வகுக்கும். 7க்கு 6, 13க்கு 12. 1640இல் பிரெஞ்சுக்காரரான பியர் ஃபெர்மா சொன்ன தேற்றம் இது.

2147483647 பகா எண்ணாக இருப்பது கணினிக்கு உண்மையிலேயே உதவும் இடம் இங்கேதான் இருக்கிறது. தாறுமாறாகத் தோன்றும் எண்களைக் கணினியில் உருவாக்க ஒரு பழைய வழி: 1இல் தொடங்கு, 16807ஆல் பெருக்கு, 2147483647ஆல் வகு, மீதியை வைத்துக்கொள், மறுபடி பெருக்கு. 1, 16807, 282475249, 1622650073 என்று போகும். 3ஆல் பெருக்கி 7ஆல் வகுத்த கணக்கில் பார்த்த அதே முழுச் சுற்றுதான். 214 கோடிக்கும் மேற்பட்ட எல்லா எண்களையும் ஒவ்வொரு முறை தொட்டுவிட்டுத்தான் 1க்குத் திரும்பும். 1988இல் பார்க், மில்லர் என்ற இருவர் இதைக் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தார்கள். சி++ என்ற நிரல் மொழியின் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. விளையாட்டுகளுக்குச் சரி, கடவுச்சொல் உருவாக்க இதைத் தொடக் கூடாது, அடுத்த எண்ணை யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.

இதுவரை பார்த்தது: எல்லையாக இருக்க வடிவம் போதும். முழுச் சுற்று வர வேண்டுமானால் பகா எண்ணாக இருந்தே தீர வேண்டும்.

## ஆய்லர் வேலையைக் குறைத்த விதம்

2147483647 பகா எண் என்று முதலில் நிரூபித்தவர் லியோனார்ட் ஆய்லர். 1772இல், பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பெர்லினுக்கு, யோகான் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் அதைச் சொன்னார். அப்போது ஆய்லருக்குக் கண்பார்வை கிட்டத்தட்ட முழுதாகப் போயிருந்தது.

நேர்வழியில் போனால் எவ்வளவு வேலை? ஓர் எண் இரண்டு காரணிகளாக உடைந்தால், சின்னக் காரணி அந்த எண்ணின் வர்க்கமூலத்துக்கு உள்ளேதான் இருக்கும். நம் எண்ணுக்கு வர்க்கமூலம் 46340க்குச் சற்று மேலே. அதுவரை 4,792 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். கையால் செய்ய முடியாத வேலை இல்லை, ஆனால் ஒரு மனிதரின் பொறுமையைச் சாப்பிட்டுவிடும்.

இங்கே மறுபடி வடிவம் கைகொடுக்கிறது. 2³¹ − 1ஐ ஒரு பகா எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³¹ஐ அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1. அதாவது 2ஆல் பெருக்கிக்கொண்டே போகும் சுற்று 31ஆவது அடியில் 1க்குத் திரும்புகிறது. 31 பகா எண் என்பதால் சுற்றின் நீளம் சரியாக 31தான். அதை விடச் சின்னச் சுற்று 31க்குள் பொருந்தாது. ஆனால் சுற்றின் நீளம் 'பகா எண் கழித்தல் ஒன்று' என்பதை வகுக்க வேண்டும் என்று இப்போதுதான் பார்த்தோம். ஆகவே அந்தக் காரணியில் ஒன்றைக் கழித்தால் 31இன் மடங்கு வர வேண்டும். காரணி ஒற்றைப்படை எண், ஒன்றைக் கழித்தால் இரட்டைப்படை. எனவே 62இன் மடங்கு.

இது நிஜமாகவே நடக்கிறதா என்று சின்ன எண்ணில் பார்த்துவிடலாம். 2¹¹ − 1இன் காரணி 23. 2ஆல் பெருக்கி 23ஆல் வகுத்த மீதிகள்: 1, 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, மறுபடி 1. எண்ணிப் பாருங்கள், பதினோரு அடிகள். 23இல் ஒன்று குறைத்தால் 22, அது 11இன் மடங்கு. இன்னொரு காரணி 89; ஒன்று குறைத்தால் 88.

ஆய்லரிடம் இன்னொரு சல்லடையும் இருந்தது. இப்படிப்பட்ட காரணியை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரும். இதன் காரணம் சற்று நீளமானது, விட்டுவிடலாம். இரண்டையும் சேர்த்தால், 248ஆல் வகுத்து மீதி 1 அல்லது 63 தரும் எண்களை மட்டும் பார்த்தால் போதும் என்று வரும். 46340க்குள் அப்படிப்பட்டவை ஏறத்தாழ 370. அவற்றில் பகா எண்கள் நூற்றுக்கும் குறைவு. முதலாவது 311. 2147483647ஐ 311ஆல் வகுத்தால் மீதி 35. அடுத்தது 1303, மீதி 226. அடுத்தது 1489, மீதி 199. இப்படியே கடைசி வரை, எங்குமே பூஜ்யம் வரவில்லை. நிரூபணம் முடிந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இதுவே அறியப்பட்டதில் பெரிய பகா எண்ணாக நின்றது.

இந்த எண்ணுக்கு ஒரு கூட்டாளியும் உண்டு. 28ஐ வகுக்கும் சின்ன எண்கள் 1, 2, 4, 7, 14, கூட்டினால் 28. இப்படிப்பட்டதைச் செவ்விய எண் என்பார்கள். ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு செவ்விய எண்ணைத் தரும்; 7ஐ 4ஆல் பெருக்க 28, நம் எண்ணை 2³⁰ஆல் பெருக்க 2305843008139952128. இதைவிடப் பெரிய செவ்விய எண்ணை இனி யாரும் தேடவும் மாட்டார்கள், உபயோகம் இல்லாத வேடிக்கைதானே என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதர் எழுதினார். தேடினார்கள். அறுபது எழுபது ஆண்டுகளுக்குள் ஒரு பிரெஞ்சுக்காரர் வகுத்தலையே விட்டுவிட்டு வேறு வழியில் போனார்.

## காரணியே தேடாமல் தீர்ப்புச் சொல்வது

பகா எண்ணா என்று சோதிப்பதும் காரணி கண்டுபிடிப்பதும் ஒரே வேலை என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு வேலைகள். முதலாவது எளிது, இரண்டாவது கடினம்.

அந்தப் பிரெஞ்சுக்காரரான எட்வர்ட் லூகாஸ் 1876இல் தொடங்கி வைத்து, டெரிக் லேமர் 1930 வாக்கில் செப்பனிட்ட சோதனை இது. மெர்சென் வடிவத்துக்கு மட்டுமே செல்லும். 4இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுங்கள், 2 கழியுங்கள், சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுகளின் எண்ணிக்கையில் இரண்டு குறைத்து, அத்தனை முறை இதையே செய்யுங்கள். கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். 'அநேகமாக' என்ற சொல்லுக்கே இடமில்லை.

127ஐச் சோதிப்போம். ஏழு ஒன்றுகள், ஆகவே ஐந்து முறை.

4இன் வர்க்கம் 16, இரண்டு கழிக்க 14.
14இன் வர்க்கம் 196, இரண்டு கழிக்க 194, 127ஆல் வகுக்க மீதி 67.
67இன் வர்க்கம் 4489, இரண்டு கழிக்க 4487, மீதி 42.
42இலிருந்து 1762, மீதி 111.
111இலிருந்து 12319. அது சரியாக 127 × 97. மீதி 0.

127 பகா எண். இதில் 127ஐ வேறு எந்த எண்ணாலும் நாம் வகுத்துப் பார்க்கவே இல்லை.

4487ஐ 127ஆல் வகுத்த இடத்தை மட்டும் இன்னும் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், அழகே அங்கேதான் இருக்கிறது. 9ஆல் வகுத்த மீதிக்கு இலக்கங்களைக் கூட்டினால் போதும் என்று பள்ளியில் படித்திருப்போம். பத்தை விட ஒன்று குறைவு என்பதால் 9க்கு அந்தச் சலுகை. 127 என்பது 128ஐ விட ஒன்று குறைவு. அதே சலுகை இதற்கும் உண்டு. 4487இல் 128 முப்பத்தைந்து முறை போகிறது, 7 மிஞ்சுகிறது. 35 + 7 = 42. மீதி வந்துவிட்டது! கணினிக்கு 128ஆல் பிரிப்பது வகுத்தலே அல்ல, பிட்களை ஏழாவது இடத்தில் வெட்டுவதுதான். எவ்வளவு பெரிய மெர்சென் எண்ணாக இருந்தாலும், வெட்டு, கூட்டு, அவ்வளவுதான். வேறு வடிவ எண்களுக்கு இந்த வசதி இல்லை. சாதனைப் பகா எண்கள் பெரும்பாலும் மெர்சென் எண்களாகவே இருப்பதற்கு இதுவே காரணம். மெர்சென் பகா எண்கள் எங்கும் நிறைந்திருப்பதால் அல்ல. சோதிக்க வசதியான இடத்தில் நாம் தேடுகிறோம் என்பதால்.

இதே சோதனைக்கு 2147483647ஐ உட்படுத்தினால் 29 முறை வர்க்கம் எடுத்தால் போதும். ஆய்லரின் முந்நூற்றெழுபதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லூகாஸ் தன் முறையால் 2¹²⁷ − 1 என்ற 39 இலக்க எண்ணைப் பகா எண் என்று கையாலேயே காட்டினார். 2⁶⁷ − 1 பகு எண் என்றும் காட்டினார், ஆனால் ஒரு காரணிகூட அவர் கையில் இல்லை. 1903இல் அமெரிக்காவில் ஃபிராங்க் நெல்சன் கோல்தான் காரணிகளைக் கொண்டுவந்தார்: 193707721 × 761838257287. உடைபடும் என்று தெரிந்ததற்கும் எப்படி உடைபடும் என்று தெரிந்ததற்கும் நடுவே 27 ஆண்டுகள்.

சுருக்கமாக: மெர்சென் வடிவம் இருந்தால் காரணி தேடாமலே உறுதியான தீர்ப்பு கிடைக்கும். பகு எண் என்ற தீர்ப்பு வந்தாலும் காரணி கையில் கிடைக்காது.

## 4 கோடி இலக்கங்கள்

அதுவரை அறியப்பட்டதில் மிகப் பெரிய பகா எண்ணாக 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. இரும முறையில் 13 கோடியே 62 லட்சத்துச் சொச்சம் ஒன்றுகள். நம் முறையில் எழுதினால் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். கண்டுபிடித்தவர் லூக் டுரான்ட். 1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய ஜிம்ப்ஸ் என்ற கூட்டுத் தேடலில், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளின் ஓய்வு நேரத்தைக் கொடுக்கிறார்கள். டுரான்ட் அதில் ஜிபியுக்களை, அதாவது படங்களை வரைவதற்காக உருவான செயலிகளை, பல நாடுகளில் வாடகைக்கு எடுத்து ஓட்டினார். அக்டோபர் 11 அன்று டப்ளினில் இருந்த ஒரு ஜிபியு இது பகா எண்ணாக இருக்கக்கூடும் என்றது. மறுநாள் டெக்சாஸில் சான் அன்டோனியோவில் இருந்த இன்னொன்று லூகாஸ்-லேமர் சோதனையை முடித்து உறுதி செய்தது. நாம் 127க்குச் செய்த அதே வேலைதான். ஐந்து முறைக்குப் பதில் 13 கோடியே 62 லட்சத்துச் சொச்சம் முறை.

அந்த எண்ணின் கடைசி இலக்கத்தை இங்கேயே உட்கார்ந்து சொல்லிவிடலாம். இரண்டின் அடுக்குகள் 2, 4, 8, 6 என்று மாறி மாறி முடியும். 136279841ஐ நாலால் வகுத்தால் மீதி 1, ஆகவே அடுக்கு 2இல் முடியும். ஒன்று குறைத்தால் 1. நாலு கோடி இலக்க எண்ணின் கடைசி இலக்கம் 1.

இதற்குக் கீழே உள்ள பகா எண்கள் எல்லாம் தெரிந்துவிட்டன என்று அர்த்தமில்லை. இந்த அளவில் சராசரியாக ஒன்பதரைக் கோடி எண்களுக்கு ஒரு பகா எண் இருக்கும். இதற்குக் கீழே கணக்கில்லாமல் கிடக்கின்றன, மிக மிகச் சிலதான் நம் கையில். இதற்கு முந்தைய சாதனை 2018இல் வந்த 2⁸²⁵⁸⁹⁹³³ − 1. இரண்டுக்கும் நடுவே யாரும் தொடாத பகா எண்கள் ஏராளம்.

## அப்படியானால் வங்கிக் கணக்கு?

பத்திரமாகத்தான் இருக்கிறது. தகவலைப் பூட்டி அனுப்ப இணையத்தில் பரவலாக உள்ள ஆர்எஸ்ஏ முறையில் ஏறத்தாழ 308 இலக்கங்கள் கொண்ட இரண்டு பகா எண்களைப் பெருக்கி, பெருக்கற்பலனை ஊருக்கே சொல்லிவிடுவார்கள். இரண்டு பகா எண்களும் ரகசியம். பெருக்குவது நொடி வேலை, பலனிலிருந்து பிரித்தெடுப்பது இன்றைய கணினிகளால் ஆகாத வேலை. 2⁶⁷ − 1இன் காரணிகளுக்காகக் காத்திருந்த 27 ஆண்டுகள் சொன்ன அதே இடைவெளிதான் இங்கே பூட்டாகிறது.

ஆகவே அந்தப் பகா எண்களிடம் எதிர்பார்ப்பது இரண்டு: போதுமான நீளம், யாராலும் ஊகிக்க முடியாமை. உலகறிந்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1க்கு இரண்டாவது அறவே இல்லை. பூட்டாக அது பயன்படாது, எந்தப் பூட்டையும் உடைக்கவும் உதவாது.

308 இலக்கப் பகா எண்ணுக்காக யாரும் ஆண்டுக்கணக்கில் தேடுவதும் இல்லை. கணினி தோராயமாக ஓர் ஒற்றைப்படை எண்ணை எடுத்துச் சோதிக்கும், இல்லையென்றால் இன்னொன்று. சராசரியாக 355 முயற்சிக்கு ஒன்று சிக்கும். வடிவமே இல்லாத அந்த எண்களுக்கு லூகாஸ்-லேமர் செல்லாது. மிகச் சிறிய பிழை வாய்ப்புள்ள வேகமான சோதனைகளைப் பயன்படுத்துகிறார்கள். எந்த வடிவ எண்ணையும் பிழையே இல்லாமல், நீளம் கூடினாலும் வேலை எகிறிவிடாமல் சோதிக்க முடியுமா என்ற கேள்விக்கு 2002இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் முடியும் என்று விடை சொன்னார்கள். கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் இளநிலைப் படிப்பை முடித்திருந்தார்கள். நடைமுறையில் அந்த முறை மெதுவானது. ஆனால் அந்தக் கேள்வி பல பத்தாண்டுகளாக விடையின்றிக் கிடந்தது.

## 31க்குப் பதில் 2147483647

கடைசியாக ஒரு கேள்வி. ஒன்றுகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இருக்க வேண்டும் என்றோம். 2147483647ஏ பகா எண்தானே? அத்தனை ஒன்றுகளை எழுதினால்? 2²¹⁴⁷⁴⁸³⁶⁴⁷ − 1க்கு 64 கோடியே 64 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள். சாதனைப் பகா எண்ணை விடப் பதினைந்து மடங்குக்கும் மேல் நீளம். ஆனால் இதற்குத் தீர்ப்பு ஏற்கெனவே தெரியும்: பகு எண். 295257526626031 என்ற பதினைந்து இலக்க எண் இதை வகுக்கிறது. ஆய்லரின் விதியைப் போட்டுப் பாருங்கள்: இதில் ஒன்று குறைத்தால் 2 × 2147483647 × 68745. கச்சிதமாகப் பொருந்துகிறது. வகுபடுவதைச் சரிபார்க்க 64 கோடி இலக்கங்களை எழுத வேண்டியதும் இல்லை. 2இல் தொடங்கி, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு முப்பது சொச்சம் தடவை வர்க்கம் எடுத்தால் முடிந்தது. ஒரு நல்ல கால்குலேட்டர் நிரல் கண் இமைப்பதற்குள் செய்துவிடும்.

இதே கேள்வியை 127ஐ வைத்தும் கேட்கலாம். 3, 7, 127, 2¹²⁷ − 1 என்ற தொடரில் ஒவ்வொன்றும் முந்தையதன் அத்தனை ஒன்றுகள். நாலுமே பகா எண்கள். லூகாஸின் முடிவு வந்த கையோடு அடுத்ததும் பகா எண்ணா என்று கேட்டவர் யூஜின் கட்டலான் என்ற கணிதர். அந்த அடுத்த எண்ணின் இலக்கங்களை எண்ணுவதற்கே 38 இலக்க எண் வேண்டும். லூகாஸ்-லேமர் சோதனையைத் தொடங்கக்கூட முடியாது, அந்த எண்ணை வைக்க உலகத்துக் கணினிகள் எல்லாம் சேர்ந்தாலும் இடம் போதாது. ஒரே வழி, காரணி இருந்தால் அதைப் பிடிப்பது. அதற்கும் ஆய்லரின் விதிதான்: 2¹²⁷ − 1இன் இரட்டை மடங்குகளில் ஒன்றைக் கூட்டிக் கூட்டி, ஒவ்வொன்றையும் வர்க்கம் எடுத்துச் சோதிக்கிறார்கள். இதுவரை ஒன்றும் வகுக்கவில்லை.